யார்க்ல மத்தியகால விருந்து ரிவ்யூ: பிரபு சாப்பாட்டை விடுங்க, கஞ்சி ஆர்டர் பண்ணுங்க

இங்கிலாந்துல யார்க் ஊருக்குள்ள மத்தியகால விருந்துனு சொல்லி மெழுகுவத்தி, நீள பெஞ்ச், சுவத்துல வாள் கேடயம்லாம் மாட்டி நடத்துற இடம் ஒண்ணுக்கு போய்ட்டு வந்தோம். பேரு போடல, ஏன்னா திட்டுறதுக்கு நிறைய இருக்கு, அங்க வேலை பார்க்குற புள்ளைங்க மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல. மார்க்கை முதல்லயே சொல்லிடுறேன், பொறுமை இல்லாதவங்க இதோட கிளம்பலாம்: சாப்பாடு 5க்கு 3, கவனிப்பு 4, வரலாறு 1. ஆனா மெனு கார்டோட கடைசி பக்கத்துல சின்ன எழுத்துல "குடியானவன் தட்டு"னு ஒண்ணு போட்டிருக்காங்க பாருங்க, அதுக்கு மட்டும் 5க்கு 5.

ரெண்டு மெனு. பிரபு விருந்து ஆளுக்கு 58 பவுண்ட்: சூப், பன்றி ரோஸ்ட், வான்கோழிக் கால், வறுத்த உருளைக்கிழங்கு, சாக்லேட் கேக், ஒரு கோப்பை சூடான மசாலா ஒயின். குடியானவன் தட்டு 19 பவுண்ட்: பட்டாணி, பார்லி, லீக்ஸ் (வெங்காயத்தாள் ஜாதி), முட்டைக்கோஸ் போட்டு கெட்டியா வேகவச்ச கஞ்சி, கருப்பு ரொட்டி, ஒரு துண்டு சீஸ், ஒரு மண் குவளை ஏல், அதாவது ஹாப்ஸ்ங்கிற கசப்புப் பூ போடாத பழைய ஸ்டைல் பீர். நாங்க மூணு பேர். நான் பிரபு. என் வீட்டம்மாவுக்கு வெள்ளிக்கிழமை கறி ஆகாது, அதனால கஞ்சி. மச்சினனுக்கு யூரிக் ஆசிட் ஏறி கால் கட்டைவிரல் வீங்கி டாக்டர் கறியை நிறுத்தச் சொல்லிட்டாரு, அவனும் வேற வழியில்லாம கஞ்சி. "மாமா, நீங்க ராஜா மாதிரி சாப்புடுங்க, நாங்க பார்த்துக்கிட்டு இருக்கோம்"னு ஒரு பார்வை பார்த்தான் பாருங்க, பாவமா இருந்துச்சு, ஆனா அரை மணி நேரத்துல நிலைமை தலைகீழாப் போச்சு.

முதல்ல பிரபு தட்டு. உருளைக்கிழங்கு, வான்கோழி, சூப்ல தக்காளி, கடைசில சாக்லேட். இந்த நாலும் 1492-க்கு அப்புறம் அமெரிக்கால இருந்து வந்தது, மத்தியகால ஐரோப்பாவுல ஒரு ராஜாவும் கனவுல கூட பார்த்ததில்ல. இதைக் கூட மன்னிச்சிடலாம், டூரிஸ்ட் உருளைக்கிழங்கு இல்லாம எந்திரிக்க மாட்டான். ஆனா வெள்ளிக்கிழமை ராத்திரி பன்றி ரோஸ்ட் போட்டு "1400-ல ஒரு பிரபு வீட்டு விருந்துக்கு வந்திருக்கீங்க"னு வெல்வெட் சட்டை போட்ட ஒருத்தர் எழுந்து கத்துறாரு, அதுதான் எனக்கு தாங்கல. 1400-ல வெள்ளிக்கிழமை கறி சாப்பிட்டா பாவம்யா! வெள்ளி கட்டாயம், சனியும் பெரும்பாலான வீட்ல, நிறைய வீட்ல புதனும், அது போக ஈஸ்டருக்கு முன்னாடி தவக்காலம் நாப்பது நாள், கிறிஸ்துமஸுக்கு முன்னாடி கொஞ்ச நாள், எல்லாம் சேர்த்தா வருஷத்துல மூணுல ஒரு பங்குக்கு மேலயே கறி கிடையாது. தவக்காலத்துல முட்டை, பால், வெண்ணெய் கூட கிடையாது. அந்த ஹால்ல அன்னைக்கு முறையா மத்தியகாலமா இருந்தது என் வீட்டம்மா மட்டும்தான்.

ஆனா விரதம்னா எல்லாருக்கும் ஒரே விரதம்னு நினைச்சுடாதீங்க. காசு இருக்கிறவனுக்கு கறி இல்லாத நாள்னா பைக் மீன், விலாங்கு, சால்மன், ஸ்டர்ஜன், பசும்பாலுக்கு பதிலா மத்தியதரைக்கடல் பக்கத்துல இருந்து வந்த பாதாமை அரைச்சு எடுத்த பால். இல்லாதவனுக்கு உப்பு போட்டு பீப்பாய்ல அடைச்ச ஹெரிங் மீன், இல்லன்னா பலகை மாதிரி காஞ்ச கருவாடு, அதுவும் இல்லன்னா வழக்கமான அதே கஞ்சிதான். பீவர்னு எலி ஜாதி பிராணி ஒண்ணு, அதோட வால் செதில் செதிலா இருக்கு, தண்ணிலதான் கிடக்குது, அதனால அது மீன் கணக்குனு ஒரு ரூல் வேற வச்சிருந்தாங்க. பெரிய மனுஷன் நாக்குக்கு சாமியே வழி விடணும் போல.

இதுல பெரிய கில்லாடிங்க துறவிங்கதான். பெனடிக்ட் துறவிகளோட விதிப்படி நோயாளி தவிர யாரும் நாலு கால் பிராணி கறி தொடக்கூடாது. சரி, சாப்பாட்டு ஹால்ல தானே கூடாதுனு பக்கத்துல தனியா ஒரு ரூம் கட்டி அங்க உக்காந்து சாப்ட்டாங்க. இவங்களை அடக்க முடியாதுனு தெரிஞ்சோ என்னவோ 1336-ல போப் பன்னிரண்டாம் பெனடிக்ட், வாரத்துல நாலு நாள், ஒரு நேரத்துல பாதி பேரு மட்டும்னு கணக்கு போட்டு அனுமதியே குடுத்துட்டாரு. லண்டன்ல வெஸ்ட்மின்ஸ்டர் மடத்து கணக்குப் புத்தகம்லாம் இன்னும் இருக்கு, அதை வச்சுப் பார்த்தா சாதாரண நாள்ல ஒரு துறவிக்கு ஒதுக்கின சாப்பாடு 6,000 கலோரிக்கு மேல, கூட ஒரு கேலன் ஏல். எல்லாத்தையும் ஒருத்தரே தின்னு தீர்க்கல, மிச்சம் வேலைக்காரங்களுக்கும் ஏழைங்களுக்கும் போச்சு, அப்படி கழிச்சாலும் உக்காந்து ஜெபம் பண்றவருக்கு அது ரொம்பவே ஜாஸ்தி. லண்டன் பக்கத்து மடங்கள்ல தோண்டி எடுத்த எலும்புகள்ல முதுகெலும்பு பக்கவாட்டுல மெழுகு வழிஞ்ச மாதிரி எலும்பு வளர்ந்து ஒட்டிக்கிட்டு இருக்கிறது சாதாரண ஜனங்களை விட ஜாஸ்தியா இருக்கு. உடம்பு பருமனும் சர்க்கரை வியாதியும் இருக்கிறவங்களுக்கு இன்னைக்கும் அதிகமா வர்ற கோளாறு அது. இதை நான் சொல்ல சொல்ல மச்சினன் கட்டைவிரலை பெஞ்சுக்கு அடியில இழுத்துக்கிட்டான்.

இப்ப கஞ்சிக்கு வர்றேன். நம்ம வீட்ல குழம்பை நாள் கணக்கா சுண்ட வச்சு சுண்ட வச்சு சாப்பிடுவோம்ல, ருசி அந்த ஜாதி. அடுப்புல இருந்து பானை இறங்காது, தோட்டத்துல என்ன இருக்கோ அதைப் போடுறது, தானியம் போடுறது, வாரத்துல ஒரு நாள் கிடைச்சா ஒரு துண்டு உப்புக்கண்டம். மூணு ஸ்பூன் சாப்பிட்டதும் என் பன்றி ரோஸ்ட் எனக்கே பிடிக்கல, வீட்டம்மா தட்டுல இருந்து எடுக்க ஆரம்பிச்சுட்டேன். பருப்புல புரதம், பார்லில நார்ச்சத்து, கீரை, லீக்ஸ், பூண்டு, முழு தானிய ரொட்டி. இன்னைக்கு ஒரு டயட்டீஷியன்கிட்ட காசு குடுத்து உக்காந்தா எழுதிக் குடுக்கிற லிஸ்ட்டே இதுதானே.

இங்க ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்லணும், ஏன்னா அந்த ஹோட்டல் மெனு கார்டுல "குடியானவங்க ஆரோக்கியமா சாப்பிட்டாங்க, பிரபுங்க வியாதில செத்தாங்க"னு ஜாலியா ஒரு வரி போட்டு முடிச்சுட்டாங்க. பாதி உண்மை. தட்டுல இருக்கிறது நல்ல சாப்பாடுதான், ஆனா தட்டு எத்தனை நாள் நிறைஞ்சு இருந்துச்சுங்கிறது தான் கேள்வி. போன வருஷத்து தானியம் தீர்ந்து புது அறுவடை வராத மே, ஜூன், ஜூலை மாசம், வெயில்ல வேலை மட்டும் ஜாஸ்தி, பானைல தண்ணி ஜாஸ்தி. அதுல மழை வேற சதி பண்ணா முடிஞ்சது கதை. 1315 வசந்தத்துல ஆரம்பிச்ச மழை விடவே இல்ல, வட ஐரோப்பா முழுக்க கதிர் முத்தாம அழுகுச்சு, வெயில் இல்லாததால உப்பு காய்ச்ச முடியல, உப்பு இல்லாததால கறியையும் பதப்படுத்த முடியல, அடுத்த வருஷமும் அதே, 1317 வரைக்கும் இழுத்துச்சு. பெரும்பஞ்சம்னே அதுக்கு பேரு. இங்கிலாந்து ராஜா ரெண்டாம் எட்வர்டு 1315 ஆகஸ்ட்ல செயின்ட் ஆல்பன்ஸ்ல தங்கினப்ப அவரு பரிவாரத்துக்கே ரொட்டி கிடைக்கலன்னு எழுதி வச்சிருக்காங்க. ராஜாவுக்கு அது ஒரு ராத்திரி அசௌகரியம். கூலிக்காரன் விதைநெல்லைத் தின்னான், உழவு மாட்டை வித்தான், பத்துல ஒருத்தராவது செத்திருப்பாங்கன்னு கணக்கு. 1319-ல இருந்து மாட்டுக்கு வந்த கொள்ளைநோய் மிச்சம் இருந்த மாட்டையும் கொண்டு போச்சு.

யார்க்ல இருந்து கிழக்கால கார்ல ஒரு மணி நேரத்துக்குள்ள வாரம் பெர்சினு ஒரு கிராமம் இருக்கு, இப்ப யாரும் இல்ல, இடிஞ்ச சர்ச்சும் புல்லு மேடும்தான். இந்த ஹோட்டலுக்கு குடுக்குற காசை மிச்சம் பிடிச்சு அங்க போங்கன்னு கூட சொல்வேன். 1950-ல ஆரம்பிச்சு நாப்பது வருஷம் கோடைக்கு கோடை தோண்டினாங்க, சர்ச் சுத்தி கிட்டத்தட்ட 700 பேரோட எலும்பு கிடைச்சுது, எல்லாம் சாதாரண விவசாய ஜனம். எலும்புல இருக்கிற நைட்ரஜனை அளந்து பார்த்து, புள்ளைங்க ஒன்றரை வருஷம் வரைக்கும் தாய்ப்பால் குடிச்சிருக்குன்னு கண்டுபிடிச்சாங்க. அந்த வயசு வரைக்கும் குழந்தைங்க வளர்த்தி இன்னைக்கு குழந்தைங்களுக்கு கிட்டத்தட்ட சமம். பால் மறந்து கஞ்சிக்கு வந்ததும் வளர்த்தி பின்தங்க ஆரம்பிக்குது, பத்து பன்னெண்டு வயசுல பார்த்தா இப்ப இருக்கிற புள்ளைங்களை விட பல வருஷம் பின்னாடி. அப்போ கஞ்சி நல்லதா கெட்டதான்னு கேட்டா, முழு வயிறு கஞ்சி நல்லது, முக்கா வயிறு கஞ்சியும் கூட ஒரு காய்ச்சலும் வயித்துப்போக்கும் சேர்ந்து வந்தா புள்ளை தேறாது. இன்னொரு பக்கம் பாருங்க, பிரபு வீட்டம்மாங்க குழந்தையை பாலூட்ட வேற பொம்பளைகிட்ட குடுத்துடுவாங்க, அதனால இவங்களுக்கு வருஷா வருஷம் பிரசவம், அந்த உடம்பு என்னத்துக்கு ஆகும். பணம் இருந்தும் இப்படி ஒரு இடி.

ரொட்டி பத்தி தனியா எழுதணும். பிரபு தட்டுக்கு வெள்ளை ரொட்டி, கஞ்சிக்கு கருப்பு ரொட்டி, இதை மட்டும் சரியா பண்ணிருக்காங்க. நல்ல கோதுமையை சலிச்சு சலிச்சு வெள்ளையா சுட்டது பெரிய வீட்டுக்கு, கோதுமையும் ரைங்கிற தானியமும் கலந்தது நடுத்தரத்துக்கு, பார்லி, ஓட்ஸ், முடியாதப்ப குதிரைக்குப் போடுற பட்டாணி மாவு ரொட்டி ஏழைக்கு. 1266 வாக்குல போட்ட சட்டப்படி இங்கிலாந்துல ரொட்டி விலை மாறாது, கோதுமை விலை ஏறினா எடை குறையும். கால் பென்னிக்கு ஒரு ரொட்டிதான், ஆனா பஞ்ச வருஷத்துல அந்த ரொட்டி உள்ளங்கைல அடங்கிடும். நம்ம பிஸ்கட் கம்பெனிக்காரங்க இவங்ககிட்டதான் கத்துக்கிட்டாங்களோ.

அந்த மாவு அரைக்கிறதுலயும் நாட்டாமை. சொந்தமா கைதிருகை வச்சு அரைக்கக்கூடாது, பிரபு மில்லுக்குத்தான் போகணும், அரைச்ச மாவுல ஒரு பங்கு அவருக்கு. செயின்ட் ஆல்பன்ஸ் மடத்துல ரிச்சர்ட் ஆஃப் வாலிங்ஃபோர்டுனு ஒரு தலைமைத் துறவி, பெரிய வானியல் கடிகாரம்லாம் செஞ்ச மூளைக்காரர், ஊர்க்காரங்க வீட்ல இருந்த திருகைக் கல்லெல்லாம் பறிச்சு மடத்துத் தரைல பதிச்சுட்டாரு. 1381 விவசாயிங்க கலகத்துல ஜனம் உள்ள புகுந்து அந்தத் தரையைப் பேத்து கல்லை உடைச்சு ஆளுக்கு ஒரு துண்டு எடுத்துட்டுப் போனாங்க. அம்பது வருஷம் கழிச்சும் மறக்கல பாருங்க. சாப்பாட்டு விஷயத்துல பட்ட அவமானம் சீக்கிரம் போகாது.

கருப்பு ரொட்டில ஒரு பேராபத்தும் இருந்துச்சு, இதை ஹோட்டல்காரங்க சொல்லாதது நியாயம்தான், சாப்பிடுற நேரத்துல யாரு சொல்வா. ஈரமான வருஷத்துல ரை கதிர்ல எர்காட்னு ஒரு பூஞ்சை கருப்பா கொம்பு மாதிரி முளைக்கும். மாவோட அரைபட்டு உள்ள போனா ரத்தக்குழாய் சுருங்கி கை கால் நெருப்பா எரியும், அப்புறம் கருத்து அழுகி விழும், சில பேருக்கு வலிப்பு, பிதற்றல். புனித அந்தோணியார் நெருப்புனு பேரு வச்சாங்க. 11-ம் நூற்றாண்டு கடைசில பிரான்ஸ்ல இதுக்குன்னே அந்தோணியார் பேர்ல ஒரு துறவிச் சபை கிளம்பி ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா கட்டுனாங்க. அங்க போனவங்க பல பேருக்கு தேவலையாகியிருக்கு, அங்க போட்டது நல்ல ரொட்டிங்கிறதும் ஒரு காரணமா இருக்கலாம். எர்காட் கோதுமைலயும் வரும், ஆனா ரைலதான் ரொம்ப ஜாஸ்தி. ரை யாரு தின்னது? ஏழை தின்னது. வியாதிக்கு ஜாதி தெரியாதும்பாங்க, இதுக்கு நல்லாவே தெரிஞ்சிருக்கு.

மசாலா ஒயின் வந்தப்ப வெல்வெட் சட்டைக்காரர் "அந்தக் காலத்துல கறி கெட்டுப்போய் நாத்தம் அடிக்கும், அதை மறைக்கத்தான் மிளகு போட்டாங்க"னு ஆரம்பிச்சாரு. இந்தக் கதை எந்த ஊரு மத்தியகால ஷோவுக்குப் போனாலும் வருது, சாவே மாட்டேங்குது. ஐயா, அந்த மிளகு மலபார் கரைல விளைஞ்சு கப்பல்ல செங்கடல் வழியா எகிப்து போய், அலெக்சாண்ட்ரியால வெனிஸ்காரன் வாங்கி, அங்க இருந்து இங்கிலாந்து வருது, நடுவுல ஒவ்வொருத்தனும் லாபம் வைக்கிறான். நிலத்து வாடகைக்கே காசுக்கு பதிலா மிளகு வாங்கின ஊரு அது. லண்டன்ல மிளகு வியாபாரிங்களுக்கு 1180-லயே தனி சங்கம் இருந்துச்சு. அவ்ளோ விலை குடுத்து மிளகு வாங்குறவனுக்கு அன்னைக்கு வெட்டுன கறி வாங்கத் தெரியாதா? பட்டை வேற இலங்கைல இருந்து போச்சு. மிளகு, பட்டை, சுக்கு, கிராம்பு எல்லாம் தட்டுல இருந்தா அது "எங்கிட்ட காசு இருக்கு"ங்கிற அறிவிப்பு, கூடவே மருந்துங்கிற நம்பிக்கை. சர்க்கரையும் அப்படித்தான், மருந்துக்கடைல விக்கிற சரக்கு. அந்த மருந்தை சாப்பிட்டு சாப்பிட்டு பணக்காரன் பல்லு சொத்தை, ஏழைக்கு சொத்தை கம்மி, ஆனா திருகைக் கல்லு பொடி ரொட்டில கலந்து கலந்து பல்லு தேஞ்சு மழுங்கட்டை.

மருந்துன்ன உடனே ஞாபகம் வருது, அந்தக் காலத்து டாக்டருங்க பண்ண கூத்து. சூடு, குளிர்ச்சி, ஈரம், வறட்சினு கிரேக்க வைத்தியம் சொன்னதை வச்சு பச்சைக் காய்கறி, பழம்லாம் குளிர்ச்சி, காய்ச்சல் வரும்னு பணக்காரங்களை பயமுறுத்தி வச்சிருந்தாங்க. அதுக்கு மேல, வெங்காயம், டர்னிப் மாதிரி மண்ணுக்குள்ள விளையுறது மட்டம், வானத்துல பறக்குற பறவை உசத்தி, அதனால உழைக்கிறவன் வயிறு முரட்டு வயிறு, அதுக்கு முரட்டு சாப்பாடுதான் செரிக்கும், பிரபுவோட மென்மையான வயித்துக்கு கௌதாரியும் காடையும்தான் ஒத்துக்கும்னு எழுதி வச்சாங்க. யாருக்கு எது கிடைக்குதோ அதுதான் அவன் உடம்புக்கு ஏத்ததுன்னு சொல்ற வைத்தியம். எவ்ளோ வசதி பாருங்க! கடைசில அந்த வைத்தியத்தால பிரபுவுக்கு கீரை போச்சு, குடியானவனுக்கு கறி போச்சு.

ஹால் சுவத்துல ரெண்டு விஷயம் பெருசா மாட்டிருக்காங்க. ஒண்ணு, யார்க் பக்கத்துல காவுட் கோட்டைல 1465-ல ஜார்ஜ் நெவில் ஆர்ச்பிஷப் ஆனதுக்கு நடந்த விருந்து லிஸ்ட்: 104 எருது, 1,000 செம்மறி, 400 அன்னம், 104 மயில், 300 பெரிய பீப்பாய் ஏல். லிஸ்ட் நிஜம்தான், பல இடத்துல அச்சாகி வந்திருக்கு. ஆனா அதை "மத்தியகால மக்கள் இப்படித்தான் சாப்பிட்டாங்க"ங்கிற தலைப்புக்கு கீழ மாட்டுறது அநியாயம். அது ஆர்ச்பிஷப் பதவி ஏத்த விருந்துய்யா, அவங்க குடும்பத்து பவரை காட்டுறதுக்கு நடந்தது. 2022-ல இங்கிலாந்துல 5-லேர்ந்து 11-ம் நூற்றாண்டு வரைக்கும் செத்த 2,023 பேரோட எலும்பு ரிசல்ட்டை சேர்த்துப் பார்த்த ஒரு ஆய்வுல, ராஜாக்கமாருங்க தினமும் கறியா தின்னாங்கங்கிறதுக்கு அடையாளமே இல்ல, பெரும்பாலும் எல்லாரும் தானியம்தான், மாட்டை அடிச்சு ஊரே சேர்ந்து திங்கிற பெரிய விருந்து எப்பவாவதுதான்னு வந்துச்சு. மேல கீழன்னு தட்டு பெருசா பிரிஞ்சது அதுக்கப்புறம்தான் போல.

ரெண்டாவது படம் மூணாம் ரிச்சர்ட் ராஜா. யார்க் ஊர்க்காரங்களுக்கு அவரு மேல தனிப் பாசம். 2012-ல லெஸ்டர்ல கார் பார்க்கிங் அடியில அவரு எலும்பு கிடைச்சுது தெரியும்ல. சோதிச்சுப் பார்த்தா ராஜாவான கடைசி ரெண்டு மூணு வருஷத்துல ஒயினும், அன்னம் கொக்கு மாதிரி விருந்துப் பறவையும், நன்னீர் மீனும் சாப்பாட்டுல ஏறியிருக்குன்னு எலும்பே சொல்லுது. அதோட வயிறு இருந்த இடத்து மண்ணுல உருண்டைப் புழு முட்டை. ராஜாவுக்கே வயித்துல பூச்சி! அதை விட வேடிக்கை கேம்பிரிட்ஜ்ல. அங்க அகஸ்டீனிய துறவிகளுக்கு தனிக் கழிப்பறை, கை கழுவ தண்ணி வசதி எல்லாம் உண்டு, ஊர் ஜனத்துக்கு குழி தான். ஆனா கல்லறை மண்ணைப் பார்த்தா துறவிங்கள்ல 58 சதவீதம் பேருக்கு புழு, ஊர்க்காரங்கள்ல 32 சதவீதம். தோட்டத்துக்கு மனுஷ எருவைப் போட்டு அதுல விளைஞ்சதை சாப்பிட்டதால இருக்கலாம்னு ஆராய்ச்சிக்காரங்க நினைக்கிறாங்க. அதே ஊர்ல எலும்பு முறிவைப் பார்த்தா கதை திரும்புது, உழைக்கிற ஜனம் புதைஞ்ச கல்லறைல 44 சதவீதம் பேருக்கு முறிவு, துறவிங்களுக்கு 32. வயிறு ஒரு பக்கம், முதுகு ஒரு பக்கம்.

இன்னொண்ணு, ஹோட்டல்ல பிரபு தட்டு பளபளனு உலோகத்துல வருது, குடியானவனுக்கு மரக் கிண்ணம். அழகா இருக்கு. நிஜத்துல ஈயம் கலந்த தட்டு, ஈயம் பூசின பளபளப்பான மண் பாத்திரம் எல்லாம் வசதியானவங்க சமாச்சாரம், டென்மார்க், வட ஜெர்மனி கல்லறைகள்ல டவுன்காரங்க எலும்புல ஈயம் கிராமத்து ஜனத்தை விட ஜாஸ்தி. மரக் கிண்ணத்துக்காரன் அதுல தப்பிச்சான்.

எனக்கு இந்த இடத்து மேல இருக்கிற பெரிய குறை, ஆயிரம் வருஷத்தை ஒரே ராத்திரியா அமுக்கிட்டாங்க. "குடியானவன்"னா எந்த வருஷத்து குடியானவன்? நார்ஃபோக்ல செட்ஜ்ஃபோர்டுனு ஒரு ஊர்ல அறுவடை ஆளுங்களுக்கு போட்ட சாப்பாட்டுக் கணக்கு இருக்கு. 1256-ல பார்லி ரொட்டியும் சீஸும்தான் பிரதானம், கறி பேருக்கு. 1424-ல அதே ஊர்ல கோதுமை ரொட்டி, தாராளமா ஏல், செலவுல கால்வாசி கறிக்குப் போகுது. நடுவுல என்ன ஆச்சு? 1348, 49-ல கொள்ளைநோய் வந்து மூணுல ஒருத்தர், சில இடத்துல பாதிப் பேர் செத்துட்டாங்க. மிச்சம் இருந்தவனுக்கு கிராக்கி. கூலியை ஏத்தக்கூடாதுன்னு 1349-ல உத்தரவு, 1351-ல சட்டம், ஒண்ணும் நடக்கல. 1363-ல இன்னும் ஒருபடி மேல போய், வேலைக்காரனுக்கு ஒரு நாளைக்கு ஒரு வேளைதான் கறியோ மீனோ, மத்த வேளை பால், வெண்ணெய், சீஸ்னு பார்லிமென்ட்ல சட்டமே போட்டாங்க, கூடவே யாரு என்ன துணி உடுத்தணும்னும். வேலைக்காரன் ரெண்டு வேளை கறி சாப்பிடுறதைப் பார்த்து வயிறு எரிஞ்சிருக்கு, வேற என்ன. அந்தச் சட்டமும் ரொம்ப நாள் நிக்கல. லண்டன் கல்லறைகளை ஆராய்ஞ்சவங்க, கொள்ளைநோய்க்கு அப்புறம் பொழைச்சவங்க, அதுக்கு அப்புறம் பொறந்தவங்க முன்னாடி தலைமுறையை விட அதிக வயசு வரைக்கும் இருந்திருக்காங்கன்னு சொல்றாங்க. அதுக்கு ஒரு காரணம் சாப்பாடு தேறினது, இன்னொரு காரணம் ஏற்கனவே சத்தில்லாம நோஞ்சானா இருந்தவங்களை நோய் முதல்லயே கொண்டு போயிடுச்சு. அதனால அந்த 19 பவுண்ட் தட்டுல ஒரு துண்டு கறியும் வச்சு "1424"னு ஒரு தட்டு, கறி இல்லாம "1256"னு ஒரு தட்டுனு போட்டா நான் ரெண்டையும் காசு குடுத்து சாப்பிடுவேன். வெல்வெட் சட்டைக்காரர்கிட்ட சொன்னேன், சிரிச்சுக்கிட்டே "நல்ல ஐடியா சார்"னுட்டு அடுத்த டேபிளுக்கு கொம்பு ஊதப் போயிட்டாரு.

சரி, போறவங்களுக்கு உபயோகமான தகவல். பெஞ்சுக்கு சாய்மானம் கிடையாது, முதுகுவலி இருக்கிறவங்க சுவர் ஓரம் கேட்டு வாங்குங்க. சத்தம் ஜாஸ்தி, கைக்குழந்தை வச்சிருக்கவங்க மத்தியானம் போங்க, அப்ப ஷோ கிடையாது, குடியானவன் தட்டு மட்டும் தனியா கிடைக்கும், கூட்டமும் இல்ல. சுத்த சைவம்னா கஞ்சில எலும்பு சாறு ஊத்திருக்கான்னு கேட்டுக்கோங்க, நாங்க கேட்டோம், காய்கறி சாறுதான்னு சமையல்காரரே வந்து சொன்னாரு, வீட்டம்மாவுக்கு அதுல திருப்தி. முள்கரண்டி தரமாட்டாங்க, கரண்டியும் கத்தியும்தான், அந்தக் காலத்துல இங்கிலாந்துல முள்கரண்டி வச்சு சாப்பிடுற பழக்கம் இல்ல, அதனால இது நியாயம்தான், கையால சாப்பிடுறதுல நமக்கு என்ன கஷ்டம். பன்றி ரோஸ்ட் வறண்டு போயிருந்துச்சு, வான்கோழி பரவால்ல, மசாலா ஒயின் சர்க்கரைத் தண்ணி, அதை தனியா 9 பவுண்ட் குடுத்து இன்னொரு தடவை வாங்காதீங்க. ஏல் நல்லா இருந்துச்சு. கருப்பு ரொட்டி கூடக் கேட்டா காசு வாங்காம குடுக்கிறாங்க. பார்க்கிங் பக்கத்துல கிடைக்காது, ஊருக்கு வெளிய வண்டியை விட்டுட்டு பஸ்ல வர்றது உத்தமம்.

மச்சினன் ரெண்டாவது கிண்ணமும் வாங்கினான், அதுக்கு 6 பவுண்ட்.